சூடு குறைந்தால் காவல் கூட வேண்டும்

வான்கோழியை முந்தின இரவே ஓவனில் வைத்து, சூட்டை 200 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (93 செல்சியஸ்) நிறுத்திவிட்டுப் படுத்துவிடுங்கள். காலையில் எழுந்து குடும்பத்தோடு ஊர்வலம் பார்க்கக் கிளம்புங்கள். மாலையில் வீடு திரும்பினால் விருந்து தயார். தேங்க்ஸ்கிவிங் சமையல் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சொன்ன யோசனை இதுதான். எழுதியவருக்கு நல்ல சமையல் அனுபவம் இருக்கிறது, எழுத்தும் சரளமாக ஓடுகிறது. அதனால்தான் எனக்குக் கவலை அதிகம். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு முழு வான்கோழியை வாங்கி, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கும் வாசகர் அவர் சொன்னதை அப்படியே செய்துவிடுவார்.

நம் வீடுகளில் அந்த நாளில் யார் யார் சாப்பிட உட்காருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நவம்பர் நான்காம் வியாழனுக்கு விடுமுறை கிடைத்ததும் நாலைந்து குடும்பங்கள் ஒரே வீட்டில் கூடுகின்றன. பேரப் பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் எழுபது வயது அம்மா இருக்கிறார். கர்ப்பிணிகள் இருக்கிறார்கள், இரண்டு வயதுக் குழந்தைகள் இருக்கிறார்கள். சால்மொனெல்லா கிருமி கடுமையாகத் தாக்குவது இவர்களைத்தான். ஒரு திடகாத்திரமான ஆள் தன் வயிற்றை வைத்து என்ன சோதனை வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். விருந்தாளியின் வயிற்றை வைத்துச் செய்ய அவருக்கு உரிமை கிடையாது.

கட்டுரையின் அடித்தளமே ஒரு தலைகீழான எண்ணம். சூடு குறைவாக இருப்பதால் எதுவும் கருகாது, கருகாததால் ஆள் தேவையில்லை என்கிறார் கட்டுரையாளர். உண்மை இதற்கு நேர் எதிர். அதிகச் சூட்டில் வேகும் பறவை தவறினால் புகையும் தீய்ந்த வாடையும் வீடு முழுக்கச் சொல்லிவிடும். குறைந்த சூட்டில் தவறினால் எந்த அறிகுறியும் இருக்காது. வாசனை நன்றாகத்தான் வரும், இறைச்சி மென்மையாகத்தான் தெரியும். என்ன நடந்தது என்பதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, பக்கத்தில் ஒரு மனிதர் தெர்மாமீட்டரோடு இருப்பது. அந்த மனிதரைத்தான் கட்டுரையாளர் வீட்டைவிட்டு வெளியே அனுப்புகிறார்.

உள்ளே நடப்பதைப் பார்ப்போம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஒன்பது கிலோ வான்கோழியின் உட்பகுதி ஏறக்குறைய 4 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. 4-லிருந்து 60 வரையுள்ள இடைவெளியைத்தான் ஆபத்து மண்டலம் என்கிறார்கள். அந்த மண்டலத்தின் நல்ல சூட்டில் பாக்டீரியா இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (163 செல்சியஸ்) வைத்தால், ரொட்டிக் கலவை (ஸ்டஃபிங்) அடைக்காத அந்த எடைப் பறவை முழுதாக வேகவே நாலரை முதல் ஐந்து மணி நேரம் ஆகிறது. சூட்டை 93-க்கு இறக்கினால் என்ன ஆகும்? காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மிக மோசமான பொருள். அதோடு, ஈரமான தோலிலிருந்து நீர் ஆவியாகும்போது மண்பானைத் தண்ணீர் குளிர்வதுபோலப் பறவையின் மேற்புறமும் குளிர்ந்துகொண்டே இருக்கும். ஓவனின் முகப்பில் 93 என்று எழுதியிருந்தாலும், தோல் காய்கிற வரை அதைவிட வெகுவாகக் குறைந்த சூட்டிலேயே மேற்புறம் மணிக்கணக்கில் நிற்கும். புகையில் இறைச்சி வாட்டும் அமெரிக்கர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நடுவில் பல மணி நேரம் தெர்மாமீட்டர் முள் நகராமல் நிற்பதற்கு அவர்கள் ‘ஸ்டால்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். வெளிப்புறமே இந்தக் கதியில் இருக்கும்போது, தொடை எலும்பை ஒட்டிய சதைக்கும் வயிற்றுக் குழிக்கும் சூடு எப்போது போய்ச் சேரும்? குழிக்குள் ஸ்டஃபிங்கையும் அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். பச்சைப் பறவையின் சாறு முழுவதையும் குடித்துக்கொண்டு கடைசியாகச் சூடேறுவது அந்த ரொட்டிக் கலவைதான். ஸ்டஃபிங் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை எச்சரிக்கைகூட இல்லை.

ஓவனின் முகப்பில் உள்ள எண்ணை அவர் நம்புகிற விதமும் சரியில்லை. வீட்டு ஓவன்கள் அணைந்து அணைந்து எரிபவை. குறித்த எண்ணுக்கு மேலும் கீழும் இருபது, இருபத்தைந்து டிகிரி ஃபாரன்ஹீட் ஊசலாடுவது சகஜம். 325-இல் அந்த ஊசலாட்டம் ஒரு பொருட்டில்லை. 200-இல் அது சமைப்பதற்கும் வெதுவெதுப்பாக வைத்திருப்பதற்கும் உள்ள வித்தியாசமாகிவிடும். இன்றைய மின்னணு ஓவன்கள் பலவும் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் தாமாகவே அணைந்துவிடும்படி செய்யப்பட்டவை. யூதர்களின் ஓய்வுநாளுக்கென்று சில ஓவன்களில் தனியாக ‘சபத் மோட்’ வைத்திருப்பது இந்த அணைப்பைத் தவிர்க்கத்தான். இரவு பத்து மணிக்கு ஓவனில் வைத்துவிட்டு மறுநாள் மாலை திரும்பச் சொல்கிறவர் இதை முதல் பத்தியிலேயே சொல்லியிருக்க வேண்டும். காலை பத்து மணிக்கு ஓவன் தானாக அணைந்து, பறவை மெல்ல ஆறி, நாலு மணிக்கு வீட்டுக்காரர் கதவைத் திறக்கும்போது அது எத்தனை மணி நேரம் இளஞ்சூட்டில் கிடந்தது என்று யாரால் சொல்ல முடியும்? நடுவில் மின்சாரம் போய் வந்திருந்தாலும் இதே கதைதான்.

“எப்படியும் கடைசியில் 165 டிகிரியைத் தொட்டுவிட்டால் எல்லாக் கிருமியும் செத்துவிடும்” என்பது அவருடைய அடுத்த வாதம். 165 ஃபாரன்ஹீட் (74 செல்சியஸ்) என்ற எண் சரிதான். அங்கே போய்ச் சேர்ந்த வழி முக்கியமில்லை என்று நினைப்பதுதான் பிழை. மெல்ல மெல்லச் சூடேறும் சால்மொனெல்லா அந்தச் சூட்டுக்குத் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. திடீரென்று சூடுபட்டதைவிட அதன் தாங்குதிறன் கூடிவிடுகிறது. ஸ்டஃபைலோகாக்கஸ் பச்சை இறைச்சியில் மற்றக் கிருமிகளோடு போட்டிபோட முடியாமல் பின்தங்கும் என்பது உண்மை. ஆனால் அது உப்பைத் தாங்கும் கிருமி. நாம் மஞ்சளும் மிளகாயும் உப்பும் இஞ்சி பூண்டும் கையால் அழுத்தித் தேய்த்து ஊறவைத்த பறவையை இளஞ்சூட்டில் மணிக்கணக்கில் விடும்போது அதற்கும் வாய்ப்பு கிடைக்கிறது. அது பெருகினால் கக்கும் நஞ்சு கொதிநீரிலும் அழியாது. கிருமி செத்தபிறகும் நஞ்சு தட்டில் இருக்கும்.

க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற இன்னொன்றைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். கட்டுரையாளர் தன் கடைசித் துருப்புச்சீட்டாக வீசியது “இத்தனை வருடமாகச் செய்கிறேன், ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை” என்ற வரி. அந்த வரிக்கு விடை இந்தக் கிருமியிடம்தான் இருக்கிறது. பெர்ஃப்ரிஞ்சன்ஸின் வித்துகள் சமையல் சூட்டில் சாகாமல் பிழைத்துக்கொள்ளும். 43 முதல் 47 டிகிரி செல்சியஸ் வரை அதற்கு மிகவும் பிடித்த சூடு; அங்கே அது இரட்டிப்பாகப் பத்து நிமிடம்கூடத் தேவைப்படாது. பெரிய இறைச்சித் துண்டுகள் மெதுவாகச் சூடேறுவதும் மெதுவாக ஆறுவதும் அதற்குக் கொண்டாட்டம். அமெரிக்காவில் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 10 லட்சம் பேர் இதனால் நோய்ப்படுகிறார்கள் என்பது அந்நாட்டு நோய்த் தடுப்பு மையமான சிடிசியின் மதிப்பீடு. கூட்டமாகப் பாதிக்கப்படுவது நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான் அதிகம் என்றும் அது சொல்கிறது. இந்த நோய் எப்படி வரும்? சாப்பிட்டு ஆறிலிருந்து இருபத்துநாலு மணி நேரத்துக்குள் வயிற்றுப் பிடிப்பு, பேதி. காய்ச்சல் இருக்காது, வாந்தியும் பெரும்பாலும் இருக்காது. ஒரு நாளுக்குள் சரியாகிவிடும். வெள்ளிக்கிழமை காலை தன் வீட்டில் கழிவறைக்கும் படுக்கைக்கும் நடந்துகொண்டிருக்கும் விருந்தாளி என்ன நினைப்பார்? பிரியாணியும் பையும் ஐஸ்கிரீமும் அளவுக்கு மீறிப் போய்விட்டது என்றுதான் நினைப்பார். விருந்து கொடுத்தவருக்குப் போன் செய்து உங்கள் வான்கோழிதான் காரணம் என்று நம்மவர்கள் யாராவது சொல்வார்களா? ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அவர் எழுதுவதன் பொருள், ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை என்பது மட்டுமே.

அடுத்து முன்னோர் சாட்சி. ஓவனில் பறவையை விட்டுவிட்டுத் தேவாலயத்துக்குப் போவது மேற்கத்திய மரபு என்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஏழைக் குடும்பங்கள் கிறிஸ்துமஸ் பறவையை வீட்டில் வேகவைக்காமல் வெளியே போனது உண்மைதான். வீட்டில் ஓவன் கிடையாது; ஆகவே தெருமுனை ரொட்டிக் கடைக்காரரின் அடுப்புக்குக் கொண்டுபோனார்கள். டிக்கன்ஸ் 1843-இல் வெளியிட்ட ‘எ கிறிஸ்துமஸ் கரோல்’ கதையில் கிராட்சிட் வீட்டுப் பெருவாத்து வேகுவது அப்படித்தான். பிள்ளைகள் போய் அதை வாங்கி வருகிறார்கள். அந்த அடுப்பு ரொட்டி சுடும் சூட்டில் கனன்ற அடுப்பு. அதன் முன்னால் அதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்காரர்தான் வெளியே போனார், பறவை ஒரு நிமிடமும் தனியாக இல்லை. கட்டுரையாளர் சொல்லும் மரபில் அந்த ரொட்டிக்காரரைக் காணோம்.

யூதர்கள் வெள்ளி இரவு முழுவதும் அடுப்பில் விட்டுவைக்கும் சோலன்ட் என்ற குழம்பையும் துணைக்கு அழைக்கிறார். அது பருப்பும் இறைச்சித் துண்டுகளும் நீரில் மூழ்கிக் கிடக்கும் பண்டம். ஓய்வுநாள் தொடங்கும் முன்பே அது கொதித்துக் கணிசமான அளவு வெந்துவிட வேண்டும் என்பது சமய விதி. ஆபத்து மண்டலத்தை வீட்டார் கண் முன்னால் கடந்துவிட்ட உணவை இரவெல்லாம் சூடாக வைத்திருப்பது வேறு. பச்சைப் பறவையை அந்த மண்டலத்துக்குள்ளேயே இரவெல்லாம் நடத்திக்கொண்டு போவது வேறு. அடெல் டேவிஸின் பெயரையும் இழுத்திருக்கிறார். 1947-இல் ‘லெட்ஸ் குக் இட் ரைட்’ என்ற நூலில் மெதுவாக வாட்டும் முறையைப் பரப்பிய ஊட்டச்சத்து எழுத்தாளர் அவர். அவருடைய முறை என்று இன்றும் புழங்கும் செய்முறையில்கூட, மேற்புறக் கிருமிகளைக் கொல்ல முதல் ஒரு மணி நேரம் 300 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு உண்டு. நம் கட்டுரையாளர் அந்த ஒரு மணி நேரத்தையும் வெட்டி எறிந்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார். இதை நான் நேர்மைக் குறைவு என்றே சொல்வேன்.

டெக்சாஸ்காரர்கள் 225 டிகிரியில் புகையூட்டுகிறார்களே, கிராக்-பாட்டில் பெண்கள் காலையில் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்களே என்றும் கேட்கிறார். நல்ல கேள்வி. அமெரிக்க வேளாண்துறையே புகையடுப்புக்கு 225 முதல் 300 டிகிரி வரை அனுமதிக்கிறது, அதோடு அடுப்புக்கும் இறைச்சிக்கும் ஆளுக்கொரு தெர்மாமீட்டர் வைக்கச் சொல்கிறது, ஸ்டஃபிங் அடைக்கக் கூடாது என்கிறது. புகையடுப்புக்காரர் விறகைச் சரிசெய்துகொண்டு நாள் முழுக்க அடுப்பின் பக்கத்திலேயே கிடக்கிறவர். 1971-இல் சந்தைக்கு வந்த கிராக்-பாட் ஆளில்லாமல் ஓடவென்றே செய்யப்பட்ட கருவி. அதில் பாத்திரத்தின் சுவரே சூடாகிறது, மூடிக்குள் நீராவி சுற்றுகிறது, போடுவதும் சிறு துண்டுகள். காற்றுக்கு நடுவே தொங்கும் ஒன்பது கிலோ முழுப் பறவையோடு இவற்றுக்கு என்ன ஒப்புமை?

அரசாங்க எச்சரிக்கைகளெல்லாம் வழக்குக்குப் பயந்த வக்கீல்கள் எழுதியவை என்ற ஏளனம் என்னைக் கோபப்படுத்தியது. ஓவனை 325-க்குக் கீழே வைக்காதே என்று சொல்லும் அதே வேளாண்துறைதான், ஆய்வு முடிவுகளைப் பார்த்தபின் 2006-இல் கோழி வகைகளுக்கான உட்சூட்டை 165-க்கு இறக்கியது. அதுவரை முழுப் பறவைக்கு 180 என்று சொல்லிக்கொண்டிருந்தது. வான்கோழி இறைச்சி 140 டிகிரி ஃபாரன்ஹீட்டில் சுமார் அரை மணி நேரம் முழுமையாக நின்றாலும் சால்மொனெல்லா போதிய அளவு அழியும் என்ற அட்டவணையை இறைச்சி ஆலைகளுக்காக வெளியிட்டிருப்பதும் அதுவே. பயந்தவர்கள் இப்படித் தளர்த்திக்கொண்டு வரமாட்டார்கள். குறைந்த சூடு அவர்களுக்குப் பகையில்லை. அளக்கப்படாத குறைந்த சூட்டைத்தான் அவர்கள் வேண்டாம் என்கிறார்கள்.

தீ விஷயத்தில் மிகைப்படுத்த விரும்பவில்லை. 93 டிகிரி செல்சியஸில் கொழுப்பு தீப்பற்றாது. சமையலறைத் தீயில் பெரும்பகுதி மேலடுப்பில்தான் தொடங்குகிறது. ஆனாலும் ஆண்டிலேயே வீட்டுச் சமையல் தீ மிக அதிகம் நிகழும் நாள் தேங்க்ஸ்கிவிங் என்றும், அதன் முதன்மைக் காரணம் ஆளில்லாமல் அடுப்பை விடுவது என்றும் அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கம் ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டிருக்கிறது. கட்டுரையாளரின் முறையிலேயே தீக்கு ஓர் இடம் இருக்கிறது. 93 டிகிரியில் தோல் சிவக்காது. வெளிறிப்போய், தளர்ந்து கிடக்கும். அதனால் வீடு திரும்பியதும் ஓவனை 475 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஏற்றித் தோலை மொறுமொறுப்பாக்கச் சொல்கிறார். இரவெல்லாம் வடிந்த கொழுப்பு தட்டில் தேங்கி நிற்க, வாசலில் விருந்தாளிகள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்க, சமைத்தவர் கோட்டைக்கூடக் கழற்றாத நிலையில் அந்தச் சூட்டை ஏற்றுவது எத்தகைய யோசனை? முதலில் கொழுப்பை வடித்து எடுங்கள் என்ற ஒரு வரியைக்கூட அவர் எழுதவில்லை.

அவருடைய வாதங்களில் எனக்கு மதிப்புள்ளது ஒன்றுதான். விடுமுறை நாளிலும் வீட்டுப் பெண் மட்டும் அடுப்படியில் கிடக்க வேண்டுமா, அவளும் பிள்ளைகளோடு ஊர்வலம் பார்க்க வேண்டாமா என்று கேட்கிறார். கட்டாயம் பார்க்க வேண்டும். ஆனால் அந்த வீட்டில் வேறு பெரியவர்களே இல்லையா? ஓவனுக்குப் பக்கத்து அறையில் நாலைந்து மணி நேரம் இருந்து, கடைசி ஒரு மணி நேரத்தில் தெர்மாமீட்டரைத் தொடையிலும் நெஞ்சிலும் குத்திப் பார்க்க அந்த வீட்டு ஆணால் முடியாதா? பொறியியல் படித்து, சர்வர் இறங்கிவிட்டதா என்று இரவெல்லாம் கண்விழித்துக் காவல் காக்கிறவர்கள் நம் ஆண்கள். அவளுக்கு விடுதலை வாங்கித் தருகிறேன் என்று கிளம்பியவர், அவள் வேலையில் பாதியை எடுத்துக்கொள்ளும்படி கணவனிடம் சொல்லத் துணியவில்லை. அந்தப் பாரத்தை விருந்தாளிகளின் குடலுக்கு மாற்றிவிட்டார்.

குடும்பம் முழுவதும் வெளியே போக வேண்டும் என்றாலும் வழி இருக்கிறது. முதுகெலும்பை வெட்டி எடுத்து, பறவையைத் தட்டையாக விரித்து, 450 டிகிரியில் வைத்தால் ஐந்தரை, ஆறு கிலோ வான்கோழி ஒன்றரை மணி நேரத்தில் வெந்துவிடும். ஊர்வலம் முடிந்து வந்து தொடங்கினாலும் போதும். தொடை, நெஞ்சு, இறக்கை என்று முன்னரே துண்டு போட்டுவிட்டால் வேலை இன்னும் சுலபம், நம் மசாலாவும் நன்றாகப் பிடிக்கும். அல்லது புதன்கிழமை மாலையே, எல்லோரும் வீட்டில் இருக்கும்போது, 325-இல் முழுதாக வேகவைத்து, சதையை எலும்பிலிருந்து பிரித்து, அகலமான ஆழமில்லாத பாத்திரங்களில் பரப்பி இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். மறுநாள் கிரேவியோடு மூடி 165 டிகிரி வரை சூடாக்கிப் பரிமாறினால் போயிற்று. உறைந்த பறவை வாங்கியவர்கள் அதற்கும் முன்னால் கணக்குப்போட வேண்டும்: ஃபிரிட்ஜில் பனி இளக ஏறக்குறைய இரண்டு கிலோவுக்கு ஒரு நாள். ஒன்பது கிலோ என்றால் சனிக்கிழமைக்குள் கீழ்த்தட்டுக்கு மாற்றியாக வேண்டும். உள்ளே பனிக்கட்டி இருக்கும் பறவையை 200 டிகிரி ஓவனில் வைத்துவிட்டு வெளியே போனவருக்கு என்ன நடக்கும் என்பதைக் கட்டுரையாளர் யோசித்ததாகவே தெரியவில்லை.

அடுத்த இதழ் நவம்பர் முதல் வாரம் கடைக்கு வருகிறது. அதில் கட்டுரையாளர் தன் செய்முறையைத் திரும்பப் பெற வேண்டும். இந்தக் கட்டுரைக்குப் பதில் எழுதும் இடத்திலோ வாசகர் கடிதப் பக்கத்தின் மூலையிலோ அது வரக் கூடாது. முதல் கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வர வேண்டும். 325 என்ற எண்ணும், 165 என்ற எண்ணும், தெர்மாமீட்டரை எங்கே குத்த வேண்டும் என்பதும், ஓவன் ஓடும்வரை வீட்டில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும் என்பதும் அதில் இருக்க வேண்டும். பழைய பக்கத்தைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருப்பவர்கள் புதியதைக் கத்தரித்து அதன்மேல் ஒட்டிக்கொள்ள இன்னும் நாள் இருக்கிறது.